தொண்ணூற்றொன்பது மணி நேரம்

திங்கட்கிழமை காலை எங்கள் முதன்மை ஆய்வாளர் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். அவர் இதுவரை வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, ஒவ்வொன்றையும் மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வேண்டும். அதிகம் பேர் எடுத்தாண்ட கட்டுரைக்கு மட்டும், முக்கியமான பத்துப் பேர் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று தலைக்கு இரண்டு வரி. எங்கள் பொதுச் சுகாதார ஆய்வு மையத்துக்குப் புதிய இயக்குநரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். மேடத்தின் விண்ணப்பம் வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும்.

"நீதான் நிதானமா செய்வ. மத்தவங்க கிட்ட குடுத்தா கூட்டல்லயே ரெண்டு விட்டுடுவாங்க" என்றார்.

நான் அங்கே தரவு உதவியாளர். களத்திலிருந்து வரும் படிவங்களில் உள்ள எண்களைக் கணினியில் ஏற்றி, தப்பும் தவறுமாக இருப்பதைச் சுத்தம் செய்து கொடுப்பது என் வேலை. மூன்று வருடம் முடிந்துவிட்டது. செய்வது புரிய வேண்டும் என்பதற்காக வாரம் மூன்று நாள் மாலையில் புள்ளியியல் வகுப்புக்கும் போகிறேன்.

பட்டியலை மூன்று முறை எண்ணினேன். முதல் முறை வரும் எண்ணை நான் நம்புவதில்லை. நாற்பத்தொரு கட்டுரைகள். மொத்தம் அறுநூற்று ஐம்பத்தைந்து மேற்கோள்கள். அவருடைய மேற்கோள் குறியீடு பதினான்கு. அதாவது, குறைந்தது பதினான்கு முறை எடுத்தாளப்பட்ட கட்டுரைகள் பதினான்கு இருக்கின்றன. அறுநூற்று ஐம்பத்தைந்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஒரே கட்டுரைக்கு வந்தவை. ஏறக்குறையப் பாதி.

அந்தக் கட்டுரை எனக்கு நன்றாகத் தெரியும். வேலையில் சேர்ந்த முதல் மாதம் நான் எண்கள் ஏற்றிய ஆய்வு அது. ஆயிரத்து நூற்று நாற்பது வீடுகளுக்குப் போய், குடிதண்ணீர்க் குடத்தில் குளோரின் மாத்திரை போட்டு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்டார்கள். பிறகு அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் சோதனை மருந்து உள்ள குப்பியில் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். கறுத்தால் கிருமி இருக்கிறது என்று அர்த்தம். அதுவரை எல்லோரும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேடத்தின் கட்டுரை, மூடிய குடத்தில் தண்ணீர் நான்கு நாள் வரை சுத்தமாக இருக்கும் என்றது. அதனால்தான் அத்தனை பேர் எடுத்தாண்டார்கள். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் 'தரவு உதவியாளருக்கு' என்று இரண்டு சொல் இருக்கும். அக்கா அதை அலைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை வேலையை வாங்கிக்கொண்டு நான் அறையை விட்டு வெளியே வரும்போது மேடத்தின் மேசையில் ஒரு துண்டறிக்கையின் அச்சுப் படி கிடந்தது. ஒரு குடத்தின் படம், அதன் கீழே பெரிய எழுத்தில் '4 நாள்'. மழைக்காலத்துக்கு முன்னால் சுகாதாரத் துறை இரண்டு லட்சம் வீடுகளுக்குக் கொடுக்கப் போகிறது. மேடம் வியாழக்கிழமை நண்பகலுக்குள் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பு. அவரவர் வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு வரிசை எண்களைக் கொண்டுவந்து பட்டை வரைபடம் போட வேண்டும் என்பது வீட்டுப்பாடம். நான் அந்த மணி நேர வரிசையைக் கொண்டு போனேன். பெருமைக்குத்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். வேறு எதையாவது கொண்டு போயிருக்கலாம்.

என் பக்கத்தில் உட்காருபவர் ஒரு பஸ் கண்டக்டர். என் வரைபடத்தை எட்டிப் பார்த்தார்.

"இது யாருங்க, கடைசில தனியா நிக்கிறது? டிக்கெட் எடுக்காம மாட்டுன ஆளு மாதிரி."

சிரித்துவிட்டுப் பார்த்தேன். பூஜ்யத்திலிருந்து பட்டைகள் உயரமாக ஆரம்பித்துப் படிப்படியாகக் குறைந்து, அறுபதுக்குப் பக்கத்தில் தரையைத் தொட்டன. அதற்குப் பிறகு வெறும் வெளி. எழுபது இல்லை, எண்பது இல்லை. கடைசியில், தொண்ணூற்றொன்பதில், ஒரே ஒரு பட்டை நெட்டையாக நின்றது. தொண்ணூற்றொரு வீடுகள்.

"தொண்ணூத்தொம்போது மணி நேரம்னு எந்த வீட்லங்க சொல்வாங்க?" என்றார் கண்டக்டர். "எங்க வீட்ல கேட்டா நேத்துன்னு சொல்வாங்க, முந்தாநாள்னு சொல்வாங்க. ரொம்பக் கேட்டா, வந்த வேலையப் பாருன்னு சொல்வாங்க."

எங்கள் படிவங்களில் பதில் தெரியாது என்று யாராவது சொன்னால், அந்தக் கட்டத்தில் தொண்ணூற்றொன்பது என்று போட வேண்டும். அது எண் அல்ல, அடையாளம். கணக்குப் போடும் முன்னால் அதையெல்லாம் எடுத்துவிட்டு வெற்றிடமாக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவள் நான்.

அதற்குப் பிறகு வகுப்பில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எழுதிக்கொள்ளவும் இல்லை.

வீட்டுக்குப் போனதும் நேராகச் சமையலறைக்குப் போய்க் குடத்தைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினேன். அக்கா எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"என்னடி பண்ற? ஞாயித்துக்கிழமதான் மாத்திரை போட்டேன். இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

"இல்லக்கா. பழசாயிடுச்சு."

"நீதானே நாலு நாள்னு சொன்ன. புத்தகத்துல போட்டிருக்குன்னு படிச்சு வேற காட்டுன. இப்ப நீயே கொட்டுற. அவ்ளோ தண்ணியையும் யாரு புடிச்சு வைக்கிறது, உன் மேடமா?"

"நான் புடிச்சு வைக்கிறேன். பாப்பாவுக்குக் காய்ச்சிக் குடு."

"போன மாசம் அவளுக்கு வயிறு சரியில்லாமப் போச்சே, அப்ப கேட்டதுக்கு, பல்லு முளைக்குதுன்னு சொன்ன" என்றாள் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னாள். குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். பல் முளைத்ததாகவும் இருக்கலாம். இனி அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

புதன்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே அலுவலகத்துக்குப் போய், முதல் மாதத்து நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்து அப்போது இன்னும் உருண்டையாக இருந்தது. '99 எங்கே வந்தாலும் வெற்றிடமாக்கவும்' என்று எழுதி, அதன் கீழே ஒவ்வொரு வரிசையின் பெயருக்கும் நேராகச் சரி அடையாளம் போட்டிருந்தேன். குழந்தையின் வயதில் எடுத்துவிட்டேன். வீட்டில் உள்ளவர் எண்ணிக்கையில் எடுத்துவிட்டேன். மணி நேர வரிசைக்கு நேராக மட்டும் சரி அடையாளம் இல்லை. 'இதில் 99 உண்மையான எண்ணாகவும் இருக்கலாம். அப்படியே விட்டேன். கேட்க வேண்டும்' என்று இருந்தது.

கேட்கவில்லை. சேர்ந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களோ என்று பயந்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

கட்டுரையில் மணிகளைத் தனித்தனியாகக் காட்டவில்லை. ஒரு நாள் வரை, இரண்டு நாள் வரை, அதற்கு மேல் என்று மூன்று கூறாகப் பிரித்திருந்தார்கள். மூன்றாவது கூறில் நூற்றைந்து வீடுகள். தொண்ணூறு வீடுகளில் தண்ணீர் சுத்தம். அதிலிருந்து என்னுடைய தொண்ணூற்றொன்றையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். பதினான்கு வீடுகள் மிஞ்சின. ஒன்பதில் குப்பி கறுத்திருந்தது.

மூன்று முறை பார்த்தேன். நான்காவது முறையும் பார்த்தேன், எங்கேயாவது தப்புச் செய்திருக்க மாட்டேனா என்று.

களத்து மேற்பார்வையாளர் ஒன்பது மணிக்கு வந்தார். பென்சிலில் எழுதிய பதில்களை அழித்து அழித்து எழுதச் சொல்வதால் அவருக்கு 'அழிரப்பர்' என்று பெயர். அவருக்கும் அது தெரியும். வரைபடத்தைக் காட்டினேன்.

"அண்ணா, மணி நேரக் கேள்விக்கும் தெரியாதுன்னா தொண்ணூத்தொம்போதுதான் போடச் சொன்னீங்களா?"

"எல்லாக் கேள்விக்கும்தான். ஏன், இந்தக் கேள்விக்கு மட்டும் நூத்தியெட்டு போடச் சொல்லணுமா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். வரைபடத்தை மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தத் தொண்ணூத்தொண்ணும் உள்ளயே இருக்கா?"

"இருக்கு."

"கட்டுரையிலயா?"

"கட்டுரையிலயும்."

"ஆனா அண்ணா, தெரியாதுன்னு சொன்ன வீட்டுல தண்ணி எப்படி அவ்ளோ சுத்தமா இருக்கும்?" என்று கேட்டேன். உள்ளூர எங்கேயோ ஒரு ஆசை, இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது என்று.

"கதவத் தொறக்கிறவங்களா மாத்திரை போடுறாங்க? மாமியாரு போட்டிருப்பாங்க, மூத்த பொண்ணு போட்டிருக்கும். காலைல போட்டுட்டு வேலைக்குப் போயிருப்பாங்க. கேட்டா இவங்களுக்கு எப்பன்னு தெரியாது. தண்ணி அன்னைக்கிப் போட்ட தண்ணி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, சொல்றேன்னு தப்பா நினைக்காத. முந்நூறு பேரு ஒத்துக்கிட்ட விஷயம். வெள்ளிக்கிழமை அவங்க இயக்குநர் பதவிக்கு அனுப்பப் போறாங்க. நீ போய் இத நீட்டுனா மொதல்ல யாரு தல உருளும்?"

"என்னோடது."

"அதுக்கப்புறம் என்னோடது. எனக்கு ரிட்டயர் ஆக ஏழு மாசம்."

"நாளைக்கு மத்தியானம் நோட்டீஸ் அச்சுக்குப் போகுது அண்ணா. ரெண்டு லட்சம் வீடு."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மேடம் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு நான்கு மணிக்குத்தான் வந்தார். அதுவரை நான் அந்தப் பத்துப் பேர் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் பார்க்க முடியவில்லை. முதல் ஆள், வெள்ள நிவாரண முகாம்களுக்கு எழுதிய கையேட்டில் நான்கு நாள் என்று சொல்லியிருந்தார். இரண்டாம் ஆள் எங்கள் கட்டுரையைப் படித்ததாகவே தெரியவில்லை. முதல் ஆள் எழுதிய வரியை ஒரு தட்டச்சுப் பிழையோடு அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். ஏழாவது ஆள் மட்டும் வேறு ஒரு நாட்டில் அதே சோதனையைச் செய்து பார்த்திருந்தார். 'எங்களுக்கு இந்த முடிவு கிடைக்கவில்லை. குடத்தின் வகை காரணமாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தார். அந்த எண்ணிக்கையில் அவரும் ஒருவர். நம்பியவருக்கும் ஒன்று, நம்பாதவருக்கும் ஒன்று.

மேடத்தின் அறைக்குள் போனேன். நோட்டுப் புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் வரைபடத்தை வைத்தேன். இரண்டு முறை ஆரம்பித்து மூன்றாவது முறைதான் சொல்ல முடிந்தது.

மேடம் நோட்டைப் படித்தார். வரைபடத்தைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் படித்தார். ஏதாவது திட்டமாட்டாரா என்று இருந்தது.

"வேற யாருக்குத் தெரியும்?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. இவர் மூடிவிடுவார் என்று தோன்றியது. மூடிவிட்டால் நல்லது என்று ஒரு நொடி தோன்றியதை எண்ணி அதைவிடப் பயமாக இருந்தது.

"மேற்பார்வையாளர் அண்ணாவுக்கு. அப்புறம் வகுப்புல ஒரு பஸ் கண்டக்டருக்கு."

"பஸ் கண்டக்டரா?"

"அவருதான் மேடம் கண்டுபிடிச்சாரு."

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பாரோ அழுவாரோ என்று இருந்தது, இரண்டும் நடக்கவில்லை. "மூணு பேராசிரியர் பார்த்து, சரின்னு சொல்லி, அச்சான கட்டுரை" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். பிறகு எழுந்தார். "பேப்பர் படிவம் இருக்கா? இல்ல, எடைக்குப் போட்டாச்சா?"

இருந்தன. பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறையில், பதினோரு அட்டைப் பெட்டிகள். மேற்பார்வையாளரும் வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. மூவரும் தரையில் உட்கார்ந்து பிரித்தோம். ரப்பர் வளையங்கள் உருகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. நான் வீட்டு எண்ணைச் சொல்லச் சொல்ல, மேடம் தேடி எடுத்தார், மேற்பார்வையாளர் படித்தார்.

"தெரியாது. மாமியார் போட்டாராம்."

அடுத்தது.

"தெரியாது. மகள் பள்ளிக்குப் போகும் முன் போட்டாளாம்."

ஓரத்தில் பென்சிலில் இப்படி எழுதியிருந்தது. களத்தில் எழுதியவர்கள் எழுதத்தான் செய்திருந்தார்கள். கணினியில் ஏற்ற வேண்டிய கட்டத்துக்கு வெளியே இருந்ததால் நான் ஏற்றவில்லை. ஒவ்வொன்றைப் படிக்கும்போதும், ஒன்றிலாவது உண்மையாகவே நான்கு நாள் என்று இருந்துவிடக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றொன்றில் எண்பத்தொன்பதில் 'தெரியாது' என்று இருந்தது. இரண்டில் ஓரக்குறிப்பு ஒன்றும் இல்லை.

மேடம் புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டாமலேயே உட்கார்ந்திருந்தார்.

"பட்டியல்லேருந்து இத எடுத்துட்டா என்ன வருது?"

"மேற்கோள் முந்நூத்து நாப்பத்து மூணு மேடம்."

"குறியீடு?"

"பதிமூணு."

"ஒண்ணுதான் குறையுதா?" என்றார். "பத்து வருஷத்துல நான் செஞ்சதுலயே பெரிய விஷயம். ஒண்ணுதான் குறையுது."

மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு மேடம் கடிதம் எழுத உட்கார்ந்தார். ஒன்று கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு, ஒன்று சுகாதாரத் துறைக்கு. நான் பக்கத்தில் நின்றேன். இதழுக்கு அனுப்பும் படிவத்தில் 'பிழை எந்தக் கட்டத்தில், யாரால் நேர்ந்தது' என்று ஒரு வரி இருந்தது. மேடத்தின் விரல்கள் அங்கே நின்றன. என்னைப் பார்க்கவில்லை. ஒரு நிமிடம் போயிருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் நான் வீட்டு வாடகை முதல் அக்காவின் முகம் வரை எல்லாவற்றையும் நினைத்துவிட்டேன்.

"நீயே எழுது" என்று விசைப்பலகையை என் பக்கம் நகர்த்தினார்.

'தரவைச் சுத்தம் செய்யும்போது, தரவு உதவியாளரால்' என்று அடித்தேன். ஐந்து சொல்லை அடிக்க ஐந்து முறை அழிக்க வேண்டியிருந்தது. மேடம் விசைப்பலகையைத் திரும்ப இழுத்து, அதன் கீழே 'இதைச் சரிபார்க்க வேண்டியவர் முதன்மை ஆய்வாளர். சரிபார்க்கவில்லை' என்று அடித்து, படித்துப் பார்க்காமலேயே அனுப்பினார். என் வேலை இருக்குமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கடிதம் போன பிறகு, பழக்கத்தில், அந்தக் கட்டுரையின் பக்கத்தைத் திறந்தேன். முந்நூற்றுப் பதின்மூன்று என்று இருந்தது. ராத்திரி யாரோ புதிதாக மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

பத்தரைக்கு மேடம் துறை அதிகாரியைக் கூப்பிட்டு, நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார். அதிகாரியின் குரலில் முதலில் ஒரு சிரிப்பு இருந்தது.

"மேடம், விளையாடாதீங்க. அச்சு மெஷின்ல தகடு ஏத்தியாச்சு. உங்க கையெழுத்துக்குத்தான் நிக்குது."

"நிக்கட்டும். நாலு நாள் தப்பு. கடுதாசி அனுப்பியிருக்கேன்."

"எப்படி மேடம் தப்பாகும்? நானே பார்த்தேனே, முந்நூறு பேருக்கு மேல சொல்லியிருக்காங்க."

"அந்த முந்நூறு பேரும் என்னைத்தான் சொல்லியிருக்காங்க" என்றார் மேடம்.

அந்தப் பக்கம் யாரோ கதவை மூடுவது கேட்டது. திரும்பி வந்த குரலில் சிரிப்பு இல்லை.

"சரி. நாலு எடுத்துடலாம். ஆனா குடத்துக்குக் கீழ ஒரு எண்ணு வேணும் மேடம். பன்னிரண்டு மணிக்கு மெஷின் ஓடலன்னா அடுத்த வேலைக்குக் குடுத்துடுவாங்க, அப்புறம் மழைக்கு முன்னாடி வராது. என்ன போடட்டும்?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் கேட்கப்படுவேன் என்று நினைக்கவில்லை. முந்தைய நாள் போட்ட கணக்குத் தாள் கையில் இருந்தது. அதில் எழுதியிருந்த எண்கள் எனக்கே அந்நியமாகத் தெரிந்தன.

"ரெண்டு நாள்னு போட்டுடலாமா?" என்றது குரல். "நாலுலேருந்து ஒண்ணுக்கு வந்தா மேல என்னைக் கேப்பாங்க. ரெண்டுன்னா ஏதோ சொல்லிக்கலாம். உங்களுக்கும் அவ்ளோ சங்கடம் இல்ல."

மேடத்தின் முகத்தில் அந்த இரண்டு ஒரு கணம் தங்கி நின்றதை நான் பார்த்தேன். அவரும் பயந்துதான் இருந்தார். இரண்டு என்று சொன்னால் கட்டுரையில் பாதியாவது பிழைக்கும்.

"ரெண்டாவது நாள்ல நூத்துக்குப் பதினொரு வீட்ல கறுத்திருக்கு மேடம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"மொத நாள்ல?"

"ரெண்டு."

"உறுதியா?"

உறுதி என்று சொல்ல என்னால் முடியவில்லை. பதினெட்டு நாள் அனுபவத்தில் யாரையும் கேட்காமலே விட்டவள்தானே நான். "கால் மணி நேரம் குடுங்க மேடம். இன்னொரு தடவ பார்த்துடறேன்" என்றேன்.

"சார், லைன்ல இருங்க" என்றார் மேடம் அலைபேசியைப் பார்த்து.

அவர் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றார். நான் ஆயிரத்து நூற்று நாற்பது வரிகளையும் மறுபடி திறந்தேன். தொண்ணூற்றொன்பதுகளை எடுத்தேன். எடுத்துவிட்டேனா என்று தேடிப் பார்த்தேன். வேறு அடையாள எண்ணாகத் தொண்ணூற்றெட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். எண்பத்தெட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். முதல் நாளைத் தனியாகப் பிரித்தேன், எண்ணினேன், மேடமும் விரலால் திரையைத் தொட்டு எண்ணினார். ஒலிபெருக்கியில் அந்த அதிகாரி யாரிடமோ தண்ணீர் கொண்டுவரச் சொல்வதும், குடிப்பதும் கேட்டது.

நூற்றுக்கு இரண்டு.

"ஒரு நாள்" என்றேன்.

"ஒரு நாள்னு போடுங்க" என்றார் மேடம்.

"ஒரு நாள்" என்று அதிகாரி திருப்பிச் சொல்லி எழுதுவது கேட்டது. "மாத்த மாட்டீங்களே?"

மேடம் எனக்காகக் காத்திருந்தார். இரண்டு லட்சம் குடங்கள் கண்முன் வரிசையாக நின்றன.

"இப்ப இருக்கிற கணக்குல இதுதான் சார்" என்றேன்.

"அப்ப தகட மாத்தச் சொல்றேன்" என்று அவர் வைத்துவிட்டார்.